அரிசி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதா?

(புரட்டாசி கடைசியில் மதுரை செல்லூர்ப் பக்கம் தெருக்காரர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஐப்பசி பிறக்கப் போகிறது. அடைமழைக்கு முன்னால் வீட்டில் என்ன இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் பேசப் போகிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். கீழமாசி வீதியில் மொத்தமாகச் சரக்கு எடுத்து இங்கே சில்லறைக்கு விற்றேன். எந்த வீட்டில் எத்தனை பேர், மாசம் எவ்வளவு துவரம்பருப்பு போகும், எந்த வீட்டில் சர்க்கரை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், எந்த வீட்டில் திடீரென்று சத்துமாவு கேட்கிறார்கள், இதெல்லாம் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். ஆபத்து என்று வந்தால் ஜனங்கள் முதலில் எதை வாங்க ஓடுகிறார்கள் என்பதையும் நான் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன்.

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? 26-ஆம் தேதியிலிருந்து 29 வரை நாலு நாள் மதுரையில் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த 25-ஆம் தேதி காலையில் என் கடை வாசலில் நின்ற கூட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் படபடப்பு வருகிறது. நாலு நாளைக்குப் பத்து கிலோ சீனி வாங்கியவர் உண்டு. வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருக்கும்போதே இன்னொரு மூட்டை தூக்கியவர் உண்டு. வரிசைக் கடைசியில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை முன்னால் வந்து சேருவதற்குள் பால் பவுடர் தீர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர்களில் இரண்டு பேர் மும்மூன்று டப்பா வாங்கிப் போனதை நான் பார்த்தேன், ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனது.

ஆபத்து வந்த பிறகு வாங்குவது வேறு, வருவதற்கு முன்னால் சேர்ப்பது வேறு. ஆவணியிலும் புரட்டாசியிலும் வாராவாரம் ஒரு சாமான் கூடுதலாக வாங்கினால் யார் வாயிலிருந்தும் அது பிடுங்கியதாகாது. கடைக்காரனும் அதற்கேற்ற மாதிரி சரக்கு எடுத்துவிடுவான். அதே சாமானை மழை கொட்டும் நாளில் மூன்று மடங்கு வாங்கினால் பக்கத்து வீட்டுப் பங்கை எடுக்கிறோம்.

சரி, 2024 அக்டோபர் 25-க்கு வருவோம். இங்கே இருக்கிற பாதிப் பேர் அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழை அது, பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் வந்துவிட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரைக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஆற்றுத் தண்ணீர். வைகை அணை நமக்கு எழுபது கிலோமீட்டர் மேலே இருக்கிறது, 71 அடி அணை. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆற்றோரம் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டை கட்ட நேரம் கிடைக்கும். இன்னொன்று கண்மாயும் வாய்க்காலும் தாங்காமல் தெருவுக்குள் ஏறும் தண்ணீர். அதற்கு எச்சரிக்கை கிடையாது. சாயங்காலக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசல்படி ஏறிவிடும். நம் தெருவுக்கு வருவது இந்த இரண்டாவது தண்ணீர்தான், அதனால் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே எடுபடாது.

அன்றைக்கு என் வீட்டு அடுப்பங்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். அரிசி டிரம் தரையில் இருந்தது. இருபத்தைந்து கிலோ டிரம், மூடி சரியாக மூடவில்லை. சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே போய் அரிசி முழுக்க ஊறிவிட்டது. அதைவிடப் பயந்தது கேஸ் சிலிண்டருக்கு. சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும் என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. நிறைந்த சிலிண்டரே மிதக்கும், காலி என்றால் கேட்கவே வேண்டாம். சாய்ந்து மிதந்துகொண்டு ரப்பர் டியூபை இழுத்துக்கொண்டு நிற்கிறது. ரெகுலேட்டர் அணைத்திருந்ததால் தப்பித்தோம். ஆகவே தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது, அதுவும் கால் நனைவதற்கு முன்னால். அடுத்தது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு ஒரு கயிற்றால் நிற்கவைத்துக் கட்டுவது. கேஸ் வாசனை வந்தால் 1906-க்குப் போன் செய்யுங்கள், அந்த நேரத்தில் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் இந்த மாசமே ஒரு ஸ்டாண்டு அடித்து மேலே ஏற்றிவிடுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த இரண்டு நாளும் இந்தத் தெருவில் அரிசி இல்லை என்று யாரும் என்னிடம் வரவில்லை. எல்லார் வீட்டிலும் மேல்தட்டில் ஏதோ ஒன்று இருந்தது. தேடி அலைந்தது குடிக்கிற தண்ணீருக்கு. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு செம்பு இல்லை. கரண்டு போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டி காலி. தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் தண்ணீர் இருந்தது, ஆனால் தெருத் தண்ணீர் மூடி வழியாக அதற்குள் போய்விட்டது. மேலே பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, அதை நம்பிக் குடித்த வீட்டில் அடுத்த வாரம் பேதி. மழைத் தண்ணீர் உள்ளே போன சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதையும் வெளியேற்றிய பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது.

கணக்கு எளிது. குடிக்க, சமைக்க, மாத்திரை விழுங்க எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள் என்றால் அறுபது லிட்டர், அதாவது மூன்று கேன். அது எப்போதும் உடைக்காமல் வீட்டில் இருக்க வேண்டும். புதுக் கேன் வரும்போது பழையதை உடைத்துக் குடிக்க வேண்டும், புதியது அதன் இடத்துக்குப் போக வேண்டும். கடையில் இதுதான் முதல் பாடம்: முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகணும். புது மூட்டையைப் பழைய மூட்டைக்கு மேலே போட்டுவிட்டால் அடிமூட்டை வண்டு பிடித்துத்தான் வெளியே வரும். வீட்டிலும் அப்படித்தான். அவசரத்துக்கு என்று ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு வருஷம் கழித்து இறக்கிப் பார்த்தால் பிஸ்கட்டில் சிக்கு வாடை, பேட்டரியில் பச்சைக் கசிவு. சாப்பிடாத சாமானைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தினமும் சாப்பிடுவதையே ஒரு பங்கு கூடுதலாக வைத்து, சுழற்றிக்கொண்டே இருங்கள்.

கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டால் வேறு தண்ணீரை வடிகட்டி நன்றாகக் கொதிக்க வையுங்கள், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை. மழைக்கு முன்னாலேயே மருந்துக்கடையில் வாங்கி வையுங்கள், அட்டையில் போட்டிருக்கும் அளவுதான் அளவு.

சாப்பாடு. அடுப்பு எரியாது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். அப்போது மூட்டை அரிசியால் பிரயோசனமில்லை, அவல்தான் பெரிய ஆள். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் வைத்தால் சோறு மாதிரி ஆகிவிடும், வெல்லம் போட்டால் குழந்தை சாப்பிடும், ஊறுகாய் தொட்டுப் பெரியவர்கள் சாப்பிடலாம். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், சத்துமாவு. எல்லாவற்றுக்கும் மேலே புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மேலே மிதக்கக் காய்ச்சி எடுத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும், கொஞ்சம் சோறு கிடைத்தால் போதும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சுத்துப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலில் தங்குவார்களே, அவர்கள் தூக்குவாளிக்குள் என்ன இருந்தது? புளியோதரையும் துவையலும். என் பாட்டி வீட்டில் ஆள் உயரத்துக்குக் குலுக்கை இருந்தது. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து அதில் கொட்டுவார்கள், நெல்லுக்கு நடுவே வேப்பிலையும் நொச்சியும் போடுவார்கள். மூன்று நாளைக்குச் சேர்த்து வைக்க நாம் யோசிக்கிறோம், அவர்கள் அடுத்த அறுப்பு வரைக்கும் வைத்திருந்தார்கள்.

கரண்டு போனதும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். முதலில் பாலையும் மாவையும் தீர்த்துவிடுங்கள்.

மருந்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். நம் தெருவில் சுகர், பிரஷர் இல்லாத வீடு குறைவு. மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் கழித்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்குங்கள். சீட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள், மழையில் சீட்டு கரைந்தாலும் படம் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்டு போனதும் பதறி ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்துவிடுகிறார்கள், உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின், அறைச் சூடு அதிகம் ஏறாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் இருக்கும். எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், அதைப் பாருங்கள். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அதற்குள் இன்சுலினைப் பாலிதீனில் சுற்றி வைத்தால் போதும். குழந்தை இருக்கும் வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் நாலாவது இருக்கட்டும். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல். தண்ணீர் வடியும்போது பாம்பு வரும். கடித்தால் கட்டு இறுக்காமல், கீறாமல், கடித்த இடத்தை அசைக்காமல் 108-ல் ராஜாஜி மருத்துவமனைக்கு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாம் ஒரே ஜிப் கவரில், பீரோவின் மேல்தட்டில். டவர் போய்விட்டால் ஜிபே வேலை செய்யாது, அதனால் பத்தும் இருபதும் நூறுமாகக் கொஞ்சம் ரொக்கம். மெழுகுவத்தியைவிட சார்ஜ் லைட் நல்லது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, தீயணைப்பு 101, எதற்கும் 112. இந்த எண்களைச் சுவரில் எழுதுங்கள், போனில் சார்ஜ் இல்லாதபோது போனுக்குள் இருக்கும் எண் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. போன மாசம்தான் ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்புக்குப் போய்வந்தோம். வைகை கரை உடைந்தது, வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும் என்று அரசன் உத்தரவு. புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு அடைக்க ஆள் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கநாதரே கூடை தூக்க வந்தார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை, ஆனால் அந்த அக்டோபருக்கு அப்புறம் எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று கணக்குப் போட்டபோது, ஆள் இல்லாத வீடு ஒன்று இருக்கிறதே என்று அந்த ஊரில் யாருமே யோசிக்கவில்லை. நம் தெருவிலும் தனியாக இருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி கடைசி வீட்டு அம்மா கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது மூலையில் நிறைந்த தண்ணீர் கேன் சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது, அவர்கள் உதடு காய்ந்துபோய் இருக்கிறது. ஏன் ஆத்தா குடிக்கவில்லை என்று கேட்டேன். தூக்கிச் சாய்க்க முடியலப்பா என்றார்கள்.

அதனால்தான் மேடைக்குக் கீழே இந்தக் கேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இருபது லிட்டர், இருபது கிலோ. போகும்போது பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். முடியாதவர்கள் பேரை அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டுப் பையன் பேரையும் அதே வரியில் எழுதுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடுகளுக்கு இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கட்டிலில் இருந்தே கை எட்டுகிற உயரத்தில் அடுக்கிவைத்துவிட்டு வருவோம்.