ராஜினாமா கடிதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

வணக்கம் நண்பர்களே. "இந்த வேலை எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்று தெரியவில்லை. விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிவிடலாமா?" இப்போது நிறைய பேர் மனதில் இருக்கும் கேள்வி இது. என் பதில்: தொழிலை இன்றே தொடங்குங்கள், வேலையை இப்போது விடாதீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம்மில் சேர்ந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்று ஒரு காலம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கேயே பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செய்து பார்த்த ஃபிலிம் நிறுவனமான கோடாக், 2012-இல் திவால் மனு போட்டது. அங்கே இருந்தவர்களுக்குத் திறமை இல்லையா என்ன?

ஆனால் தொழிலும் பத்திரமான இடம் கிடையாது. அமெரிக்க அரசின் கணக்குப்படி, புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் வருடமே மூடப்படுகிறது. ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதி போய்விடும். 2014-இல் வந்த ஒரு ஆய்வு, வேலையில் இருந்தபடியே தொழிலை ஆரம்பித்து, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று சொன்னது. காலணி நிறுவனமான நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட்கூட, 1964-இல் தொழிலை ஆரம்பித்த பிறகும் பல வருடம் கணக்காளராக வேலை பார்த்தார்.

காரணம் எளிது. மாதச் சம்பளம் வரும்போது அடிமாட்டு விலைக்கு வேலையை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பணம் தராமல் இழுத்தடிப்பவரிடம் தைரியமாக "வேண்டாம்" என்று சொல்லலாம். ஒன்று மட்டும் கவனம்: வேலையில் இருந்துகொண்டே வேறு தொழில் செய்ய உங்கள் வேலை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். அலுவலக மடிக்கணினியைத் தொழிலுக்குத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், லோகோ, விசிட்டிங் கார்டு, இணையதளம் என்று மாதங்களைக் கரைக்காதீர்கள். எனக்கு இதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். பணம் கொடுத்து வாங்க ஒருவர் இருக்கிறாரா? அதைத்தான் முதலில் தேட வேண்டும். "நல்ல ஐடியா" என்று நண்பர் பாராட்டுவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முன்பணம் கொடுத்தவர்தான் வாடிக்கையாளர்.

ஒருவர் கிடைத்ததும் அடுத்தவரைத் தேடுங்கள். முக்கால்வாசி வருமானம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், அதுவும் பழைய வேலை மாதிரிதான். அவர் ஒருவர் கைவிட்டால் எல்லாம் போச்சு. வசூலையும் விடாமல் பாருங்கள். பில் போட்ட பணம் அறுபது நாள் கழித்து வந்தால், லாபம் இருந்தும் வாடகை கொடுக்க முடியாமல் போகும்.

சரி, வேலையை எப்போது விடுவது? என் அளவுகோல் இது. தொழில் வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவைத் தாங்க வேண்டும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினாலும் சமாளிக்க முடிய வேண்டும். இரண்டும் இருந்தால் கடிதத்தைக் கொடுங்கள்.

வேலை ஏற்கெனவே போய்விட்டவர்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலாமல், இதுவரை செய்த அதே வேலையைச் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் செய்து கொடுங்கள். அதற்கு விலை பேசுவது எப்படி என்று அடுத்த வீடியோவில் விரிவாகப் பார்க்கலாம்.