ஓரம் பிடிக்காத ஓட்ஸ் கஞ்சி

வணக்கம் நேயர்களே. இரவு பத்து மணிக்கு ஓட்ஸையும் பழத்தையும் ஸ்லோ குக்கரில், அதாவது மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியில், போட்டுவிட்டுப் படுத்தால், காலை ஆறு மணிக்குச் சுடச்சுடக் கஞ்சி. பனிக்காலத்தில் இருட்டோடு வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, "இது சரிவராது" என்று குக்கரை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். சுற்றிவரக் கருகல், நடுவில் களி, சட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் கைவலி. பிழை உங்களுடையது அல்ல. அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். ஸ்லோ குக்கரில் ஓரம் பிடிக்கும். ஏனென்றால் சூடாக்கும் கம்பி பெரும்பாலான குக்கர்களில் சட்டியின் பக்கச் சுவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

இந்தக் குக்கர் வந்த கதையே சுவையானது. அமெரிக்காவில் ஏர்விங் நாக்சன் என்றொரு கண்டுபிடிப்பாளர். அவருடைய தாயின் குடும்பம் லித்துவேனியாவின் வில்னியுஸிலிருந்து வந்த யூதக் குடும்பம். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளி மாலை பொழுது சாய்ந்தபின் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளி பின்னேரமே அவரையும் இறைச்சியும் போட்ட சோலண்ட் என்கிற கறிச்சட்டியைத் தெருவிலுள்ள பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அணைந்துகொண்டிருக்கும் போறணையின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுக்க வேகும். அடுத்தநாள் எடுத்துவந்தால் சாப்பாடு தயார். தாய் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நாக்சன் தன் மின்சட்டியை உருவாக்கினார். 1940இல் காப்புரிமை கிடைத்தது. அவரது நிறுவனத்தை 1970இல் ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, 1971இல் குறொக்-பொட் என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போறணையில் சூடு நாலாபக்கமும் பரவி நிற்கும், நேரம் போகப்போகத் தணியும். நம்முடைய குக்கரில் சூடு சுவரோடு ஒட்டி நிற்கும், தணியாது. சாறு நிறைந்த இறைச்சிக்கறி அதைத் தாங்கும். கஞ்சி தாங்காது. கட்டியாகக் கட்டியாக அது அசையாமல் நின்றுவிடும், சுவரோடு நிற்பது கருகும்.

ஆகவே சுவருக்கும் கஞ்சிக்கும் நடுவே தண்ணீரை வையுங்கள். ஆறு லீற்றர் குக்கர் என்றால், அதற்குள் இறங்கக்கூடிய இரண்டு லீற்றர் கண்ணாடிப் பாத்திரமோ பீங்கான் பாத்திரமோ எடுங்கள், போறணைக்குத் தாங்குவதாக இருக்கவேண்டும். குக்கரின் மூடி இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று வெறும் பாத்திரத்தோடு முதலில் பாருங்கள். பாத்திரத்தில் பட்டர் பூசி, கஞ்சிக்கானதைப் போட்டு உள்ளே இறக்குங்கள். பிறகு வெளிச்சட்டியில், உள்ளே கஞ்சி நிற்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். புட்டு, இடியப்பம் அவித்த கைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் இருக்கும்வரை ஓரம் பிடிக்காது.

அளவு இதுதான். ஸ்டீல்கட் ஓட்ஸ் ஒரு கப், தண்ணீர் நான்கு கப், உப்புக் கால் தேக்கரண்டி. கட்டியாக வேண்டுமென்றால் தண்ணீரை மூன்றரைக் கப்பாகக் குறையுங்கள். லோ என்ற குறைந்த சூட்டு நிலையில் எட்டு மணி நேரம். ஸ்டீல்கட் என்பது முழுத் தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது, பார்க்க அரிசிக் குறுணல்போல இருக்கும். தட்டையான ஓட்ஸ் அவித்து உருட்டியது, இரவு முழுக்கக் கிடந்தால் பசையாகிவிடும். உடனடி ஓட்ஸை நினைக்கவே வேண்டாம்.

பழத்துக்கு வருவோம். இரவே போடக்கூடியவை: அப்பிள், பேரீச்சம்பழம், பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, காய்ந்த அப்ரிகொட். பிளம்ஸ் கால் கப் போட்டால் தண்ணீரும் கால் கப் கூட்டுங்கள், அது குடித்துவிடும். பேரீச்சம்பழம் ஆறு போட்டால் கரைந்து இனிப்பாகும், சீனியே தேவைப்படாது. அப்பிளில்தான் கவனம். மக்கின்ரொஷ் கனடாவில் நம் ஒன்ராறியோ மாகாணத்தில் டன்டெலா என்ற இடத்தில் பிறந்த பழம், மணம் அருமை, ஆனால் எட்டு மணி நேரத்தில் கூழாகிவிடும். துண்டு துண்டாக வாயில் அகப்பட வேண்டுமென்றால் கிரானி ஸ்மித் வாங்கி, தோல் சீவி, பெருவிரல் நுனி அளவுக்கு வெட்டுங்கள். தோலோடு போட்டால் அது சுருண்டு பல்லில் சிக்கும்.

வாழைப்பழமும் மாம்பழமும் காலையில்தான். வாழைப்பழம் இரவில் போட்டால் கறுத்துவிடும். புளூபெரி முழுச்சட்டியையும் சாம்பல் நிறமாக்கும். பச்சை அன்னாசி, கிவி, பப்பாசி மூன்றும் பாலோடு சேர்ந்து நின்றால் கசக்கும், அவற்றிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால். தட்டில் போட்ட உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

பாலையும் இரவில் ஊற்றாதீர்கள். நீண்ட சூட்டில் ஆடைகட்டி நிறம் மாறும், அப்பிளின் புளிப்புச் சேர்ந்தால் திரியும். தேங்காய்ப்பாலும் அப்படியே பிரியும். காலையில் அரைக் கப் சூடான பால் விட்டுக் கலக்கினால் போதும். மேப்பிள் பாணி விடுவதும் அப்போதுதான். கறுவா மட்டும் இரவே போகட்டும், ஒரு துண்டு. ஊரிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, வருகிற மெல்லிய, பல அடுக்காகச் சுருண்ட கறுவா இருந்தால் அதைப் போடுங்கள். இங்கே சுப்பர்மாக்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த பட்டை, எட்டு மணி நேரத்தில் காரம் ஏறிவிடும்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது, எஞ்சியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வோம் என்ற நிலை சூடாக வைத்திருக்க மட்டும், அதில் சமைக்காதீர்கள். காலையில் மின் போறணையின் மணிக்கூடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் இரவில் மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் கஞ்சியைக் கொட்டிவிடுங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், மூன்று நான்கு நாள் இருக்கும். கல்லாய் இறுகிப்போயிருக்கும், பயப்படவேண்டாம், ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுச் சூடாக்கிக் கலக்குங்கள், இளகிவிடும். நன்றி, வணக்கம்.