கொழுக்கட்டை மாவும் படிகக் கொழுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் கும்பகோணம் பக்கம் கொழுக்கட்டைக்கு மாவு கிளறும்போது, கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். மாவுச்சத்தும் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்கிற கேள்வி எனக்கு அந்த அடுப்படியில் பிறந்தது.

மோனோஓலின் என்று ஒரு கொழுப்பு. கிளிசராலோடு (கிளிசரின்) ஒரே ஒரு ஓலிக் அமிலம் சேர்ந்தது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கிற அமிலந்தான் அது. இந்தக் கொழுப்பில் தண்ணீர் கொஞ்சமாகச் சேர்ந்தால் ஏடு ஏடாக அடுக்கிக்கொள்ளும். இன்னும் சேர்த்தால் கண்ணாடிபோலத் தெளிந்து, விறைப்பான களியாகிவிடும். இது ஒரு வகைத் திரவப் படிகம். அதற்குள்ளே சில நானோமீட்டர் அகலத்தில் இரண்டு வாய்க்கால் வலைகள். நம் வயல்களில் பாசன வாய்க்காலும் வடிகாலும் தனித்தனியே ஓடுவதுபோல, நடுவே கொழுப்புச் சுவர் நிற்க, ஒன்றின் நீர் மற்றதில் கலக்காது. மருந்தை உள்ளே வைத்து மெல்லமெல்ல வெளியே விட இதைவிட அழகான அமைப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் மோனோஓலின் மெழுகுபோல ஒட்டும். அதைப் பொடியாக்குவது பெரும்பாடு. 2002-இல் பாட்ரிக் ஸ்பைசர் என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் வழி சொன்னார்கள். பக்குவம் செய்த ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, தண்ணீரில் கரைத்து, அதில் இந்தக் கொழுப்பைக் கலக்கி, சூடான காற்றில் தூவி உலர்த்தினார்கள். ஸ்டார்ச் போர்த்திய உலர்ந்த பொடி கிடைத்தது. தண்ணீரில் போட்டால் போர்வை கரைந்து, வாய்க்கால் கொண்ட நுண்துகள்கள் தாமாகவே உருவாகின்றன!

அந்தக் களியில் வேகாத அரிசி மாவுச்சத்தைச் சேர்த்துக் களிம்பாக்கினால் கதை வேறு. அதன் மணிகள் 3 முதல் 8 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உருளைக்கிழங்கினுடையது 100 மைக்ரான்வரை போகும். அதனால் அரிசிக் களிம்பு தோலில் நெருடாது. சூடேற்றினால்தான் சிக்கல். மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பும். தண்ணீர் அளவாக இருந்தால் கொழுப்புக்குப் பங்கு குறைந்து, வாய்க்கால்கள் மறைந்து மறுபடி ஏடுகளாகிவிடும். போதாததற்கு, மணிகளிலிருந்து வெளியே வரும் அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழை சுருண்டு, கொழுப்பின் வாலை, அதாவது அதன் நீண்ட அமிலச் சங்கிலியை, தன் சுருளுக்குள் இழுத்துக்கொள்ளும். நேரான வால் எளிதில் நுழையும். மோனோஓலினின் வளைந்த வால் அவ்வளவாக நுழையாது.

அம்மா விட்ட எண்ணெய்க்கோ மூன்று வால். அது சுருளுக்குள் போவதில்லை. மாவின் மேலே பூசிக்கொண்டு கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது.