உலக்கையை மாற்றி வைத்த நேரம்

வணக்கம் நேயர்களே. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். புயல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் உலக்கை.

1952 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த புயல் அது. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004-இல்தான் தொடங்கியது. அதனால் எங்களுக்கு அது ‘அம்பத்திரண்டு புயல்’. ஊரில் பெரியவர்களிடம் வயசு கேட்டால், “புயலப்போ நான் தவழ்ற பிள்ளை” என்றுதான் கணக்கு சொல்வார்கள்.

தெற்குப் பார்த்த வீடு எங்களுடையது. காற்று வடக்கேயிருந்து வந்தது. அப்பாயி கொல்லைக் கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாராம். திடீரென்று காற்று ஓய்ந்தது. எல்லோரும் மாட்டைப் பார்க்க எழுந்தார்கள். அப்பாயி விடவில்லை. உலக்கையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து அடித்தது பாருங்கள், அதுதான் எதிர்க்காற்று! அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

புயல் சுழன்றுகொண்டே வரும். நடுவில் இருக்கும் கண் நம் தலைக்கு நேரே வந்தால் காற்று நிற்கும். கண் நகர்ந்ததும் மறுபக்கத்துக் காற்று வரும். நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சரி, கஜா புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டியிருந்தது. காற்று ஓய்ந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே வாசலில் இறங்கிவிட்டேன். “உள்ள வாடா, திரும்பி வரும்” என்று அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தியபோது கை நடுங்கியது. அப்புறம் வந்தது எதிர்க்காற்று.

விடிந்ததும் தோப்புக்குப் போனேன். முதல் காற்றில் விழுந்த தென்னைகள் தெற்கே தலைவைத்துக் கிடந்தன. அந்தக் காற்றில் விழாமல் வேர் மட்டும் ஆட்டங்கண்டு நின்றவை, எதிர்க்காற்றில் வடக்கே தலைவைத்து விழுந்திருந்தன. குறுக்கும் நெடுக்குமாக, கால் வைக்க இடமில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள்.

2011-இல் தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனதைப் பேச வேண்டும் என்று வந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வணக்கம்.