கையெழுத்து நோட்டை மூடுங்கள்

(குப்பைக் கிடங்கும் உரக்கிடங்கும் ஒரே வளாகத்தில் இருக்கிற ஓரிடத்தில், காலை வேலை தொடங்கும் முன் பணியாளர்களிடம் வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே கேளுங்கள். சூப்பர்வைசர் தம்பி, அந்தக் கையெழுத்து நோட்டைக் கொஞ்சம் மூடுங்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் அப்புறம் நான் எதற்கு, டீயோடு கிளம்பிவிடலாமே.

நானும் ஒரு கிடங்கில் எடைமேடையில் உட்கார்ந்து ரசீது போட்டவன்தான். அங்கேயும் வருடத்துக்கு ஒருநாள் பயிற்சி நடக்கும். ஒருவர் வந்து கிளவுஸ் போடு, மாஸ்க் போடு என்பார், போட்டோ எடுப்பார்கள், முடிந்தது. கொடுத்த கிளவுஸ் எல்லாம் பெரிய அளவு. உரம் சலிக்கிற அக்காக்கள் போட்டால் விரல் நுனியில் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கும், அதோடு கண்ணாடிச் சில்லைப் பொறுக்க முடியாது, எனவே கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். கை கிழிந்தால் 'கிளவுஸ் அணியவில்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஏன் கழற்றினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் இன்று அதை மட்டும்தான் கேட்கப்போகிறேன்.

ஊசி குத்தினால் என்ன செய்வீர்கள்? அதோ, ஒரு அக்கா விரலைப் பிதுக்கிக் காட்டுகிறார். வேண்டாம். பிதுக்காதீர்கள், வாயில் வைத்துச் சப்பாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 'ஷிஃப்ட் முடியட்டும், சாயங்காலம் பார்க்கலாம்' என்று இருப்பதற்குக் காரணம் அரைநாள் கூலி போய்விடுமே என்ற பயம். மேனேஜர் சார் இங்கேதான் இருக்கிறார். கூலி பிடிக்க மாட்டோம் என்று அவர் வாயால் சொல்லட்டும். (சொன்னார்.) சரி, அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் சேரும் தொட்டி. மோட்டார் அடைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் உறை வந்து சிக்கியிருக்கும், 'ரெண்டு நிமிஷ வேலை, இறங்கி எடுத்துடு' என்று ஒரு குரல் கேட்கும். கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும், காற்றைவிடக் கனமான வாயு அது. அழுகிய முட்டை நாற்றம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் வாயு கூடினால், பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினாலே, மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்து அதிகம். முதல் ஆள் சுருண்டு விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். இப்படிக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தம்பியோ மச்சானோ உள்ளே கிடக்கும்போது குதிக்காமல் நிற்பது லேசில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் குதிக்காதீர்கள், 112-ஐ அழையுங்கள். அதைவிட முக்கியம், முதல் ஆளையே இறங்கவிடாதீர்கள். மோட்டாரைச் சங்கிலி கட்டி மேலே இழுக்கும்படி வைத்திருந்தால் யாரும் இறங்கவே வேண்டாம். இங்கே சங்கிலி இல்லை, வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உரக்குவியலைப் பற்றி எனக்கே நீங்கள் பாடம் எடுப்பீர்கள். கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். 55 முதல் 65 டிகிரி இருந்தால் கிருமி சாகும், உரம் ஒழுங்காக வெந்துகொண்டிருக்கிறது. 70-ஐத் தாண்டினால் கிளறிவிட வேண்டும், காய்ந்துபோன பெரிய குவியல் தானாகவே பற்றிக்கொள்ளும். கிளறும்போது எழுகிற வெள்ளைத் தூசி வெறும் தூசி இல்லை, பூஞ்சை வித்து. ஈரம் தெளித்துவிட்டுக் கிளறுங்கள், காற்று வருகிற பக்கம் நில்லுங்கள். துண்டு கட்டினால் போதாது, மாஸ்க் வேண்டும். புகைகிற குவியல் மேல் மட்டும் ஏறாதீர்கள், உள்ளே எரிந்து பொந்தாகியிருக்கும். ஏன் ஏறுகிறோம்? ஹோஸ் நீளம் பத்தவில்லை. அதுவும் நோட்டில்.

மேட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2000-இல் மணிலா பக்கம் பயாதாஸில் மழைக்குப் பிறகு சரிந்ததில் இருநூறு பேருக்கு மேல். மழை விட்ட மறுநாள் மேட்டில் புது விரிசல் தெரிந்தால், அடிவாரத்தில் கறுப்புத் தண்ணீர் புதிதாகக் கசிந்தால், கீழே யாரும் நிற்கக் கூடாது. அன்று லோடு இறக்காவிட்டால் ஊர் நாறும், நாறட்டும்.

கடைசியாக வண்டி. டிப்பர் ரிவர்ஸில் வரும்போது ஏன் அதன் பின்னால் போய் நிற்கிறீர்கள்? கொட்டின உடனே பொறுக்கினால்தான் நல்ல பிளாஸ்டிக் கிடைக்கும், புல்டோசர் ஏறிவிட்டால் போச்சு. நியாயம்தான். அப்படியானால் கொட்டியதும் பத்து நிமிடம் புல்டோசரை நிறுத்தி வையுங்கள், வண்டி போன பிறகு பொறுக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

டீ குடித்தாயிற்றா? வாருங்கள், வெளியே போகலாம். டிரைவர் அண்ணே, நீங்கள் உங்கள் வண்டியில் ஏறி உட்காருங்கள், சாவியை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் ஆறு பேர் வண்டிக்குப் பின்னால் நிற்கிறோம். கண்ணாடியில் எத்தனை பேர் தெரிகிறோம் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

(இரண்டு பேர் என்றார்.)