லாட்டரி விழுந்தவர்களும் காலைச் சாப்பாடும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘பணம் இருந்தால் சந்தோஷம் நிலைக்குமா?’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ‘நிலைக்காது’ என்று சொல்லிவிடுவது சுலபம். அதுவும் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிற என்னைப் போன்றவன் சொல்வது ரொம்பவே சுலபம். ஆனால் நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். கையில் பணமில்லாத மனிதர்களின் முகத்தைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து வருடக்கணக்கில் பார்த்தவன். அதனால் லாட்டரியில் பணம் விழுந்தவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003-ல் இங்கே லாட்டரிக்குத் தடை வந்தது. பக்கத்தில் கேரளத்தில் அரசு இன்றும் நடத்துகிறது.

பணம் விழுந்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள்? அமெரிக்காவில் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடன் இருவரும் சேர்ந்து இதை ஆராய்ந்து 1978-ல் வெளியிட்டார்கள். இல்லினாய்ஸ் மாநில லாட்டரியில் ஐம்பதாயிரம் முதல் பத்து லட்சம் டாலர் வரை வென்ற 22 பேரையும், அதே பகுதியில் வசித்த சாதாரண ஆட்கள் 22 பேரையும் விசாரித்தார்கள். இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டபோது வென்றவர்களின் சராசரி 4, மற்றவர்களுடையது 3.82. பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த கேள்விதான். நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நல்ல ஜோக் கேட்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற அன்றாட விஷயங்களில் எவ்வளவு இன்பம் என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே லாட்டரிக்காரர்கள் 3.33-க்கு இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அதே 3.82. பரிசு விழுந்த நாளின் பரவசத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சட்னியும் சப்பென்றுதானே இருக்கும்! அந்தப் பரவசமும் கொஞ்ச நாளில் பழகிப்போகிறது. ஆக இரண்டு பக்கமும் இழப்பு.

இடையில் ஒரு திருத்தம். இந்த ஆய்வை மேடைகளில் சொல்பவர்கள், ‘விபத்தில் முடங்கியவர்களும் லாட்டரி வென்றவர்களும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சியோடு இருந்தார்கள்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. விபத்தில் உடல் முடங்கியவர்களையும் அதே ஆய்வில் விசாரித்தார்கள்; இப்போதைய மகிழ்ச்சியில் அவர்களின் சராசரி 2.96, தெளிவாகவே குறைவு. மனசு எல்லாவற்றுக்கும் பழகிவிடும் என்று வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது.

அப்புறம், 22 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஸ்வீடனில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. லாட்டரி நடந்து ஐந்து முதல் 22 ஆண்டுகள் கழித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். பெரிய தொகை வென்றவர்களுக்கு வாழ்க்கை பற்றிய திருப்தி கூடியிருந்தது. பத்தாண்டு தாண்டியும் அது குறையவில்லை. ஆனால் அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் பணத்தின் தாக்கம் அதைவிடக் குறைவாகவே தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் நகைக்கடன் கவுண்டர்தான் ஞாபகம் வந்தது. அசலும் வட்டியும் கட்டி முடித்து, சீல் வைத்த பையைப் பிரித்து, தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகிற ஒரு அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை, போன பொருள்தான் திரும்பியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த மாதமும் தூங்குவார். கார் கடனில் சாவி வாங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இனிப்பு கொடுப்பார்கள். ஒன்றிரண்டு வருடத்தில், இதைவிடப் பெரிய வண்டிக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று விசாரிக்க வருவார்கள். பக்கத்து வீட்டில் பெரிய வண்டி வந்திருக்கும்.

கவலையைப் போக்கப் பணம் உதவுகிறது. அந்த நிம்மதி நீடிக்கவும் செய்கிறது. கவலை தீர்ந்த பிறகு வாங்கிச் சேர்க்கிற பொருள்களுக்கு அந்தச் சக்தி இல்லை, ஏனென்றால் அவற்றை நாம் அடுத்தவர் பொருளோடு வைத்துத்தான் அளக்கிறோம். ரொம்பப் பெரிய பணம் என்றால் புதுக் கவலையும் கூடவே வரும். கேரளத்தில் பம்பர் பரிசு வென்ற ஒருவர், உதவி கேட்டு வருகிறவர்கள் தொல்லையால் வீட்டில் இருக்கவே முடியவில்லை, பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாளிலேயே புலம்பியது செய்தியாக வந்தது.

போனஸ் வந்ததும் என்ன செய்யலாம் என்று உறவுக்காரப் பிள்ளைகள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் பர்சனல் லோனை அடை, கிரெடிட் கார்டு பாக்கியை முடி, ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வை, கார் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வேன். ‘சரிங்க மாமா’ என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். போன தீபாவளிக்கு அப்படித் தலையாட்டியவன், பொங்கலுக்குப் புதுக் காரில் வந்து இறங்கினான்.

நன்றி, வணக்கம்.