அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வாங்கிய புத்தகப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் இந்த மாலை நேரத்தில் எங்களுக்காக அமர்ந்திருக்கும் சென்னை வாசகர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

'விருப்பமான இளையோர் நாவலுக்குப் பாடல்களைத் துணை சேர்ப்பது வாசிப்பை ஆழமாக்குகிறதா, சிதறடிக்கிறதா?' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆழமாக்குகிறது என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், காதில் பாட்டு ஓடும்போது கண் வரியில் நிற்காது என்றார்; திரைப்பாட்டைக் கதைக்குள் கொண்டுவந்தால் நாயகனின் முகமும் கூடவே வந்து, வாசகரின் கற்பனையைத் துரத்திவிடும் என்றார்; இந்தப் பழக்கமே பிளேலிஸ்ட் காலத்துப் பிள்ளைகள் வெளியிலிருந்து இரவல் வாங்கியது என்றும் முடித்தார்.

முதல் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் காதில் பாட்டும் கையில் புத்தகமுமாக நானே முயன்றிருக்கிறேன். பல்லாவரத்தில் தொடங்கிய பத்தியைக் கிண்டி வரையில் மூன்று முறை படித்தும் ஒரு சொல்கூட மனத்தில் தங்கவில்லை. ஆனால் எங்கள் அணி பேசுவது படிக்கும்போது கேட்கும் பாட்டைப் பற்றியே கிடையாது. ஓர் அத்தியாயத்தைப் படித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பிறகு, இதற்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று தேடுகிற தேட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால், அத்தியாயத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்பது போதாது; எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும். அதற்கு இரண்டாம் முறை படித்தே தீர வேண்டும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு உயிரான நாவல், சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆண் ஒருவர் பெண் ஒருவர் என இருபத்து நான்கு பிள்ளைகளைத் தலைநகரம் பிடித்துச் சென்று, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதை நாடு முழுவதும் ஒளிபரப்புகிறது. பதினாறு வயது காட்னிஸ், தன் தங்கையின் இடத்தில் தானே முன்வந்து போகிறாள். களத்தில் அவளுக்குத் துணையாகச் சேர்பவள் பன்னிரண்டு வயது ரூ. வலையில் சிக்கிய ரூவின் மீது ஈட்டி பாய்கிறது. உயிர் பிரியும் நேரத்தில் அவள் கேட்பது ஒன்றுதான்: ஒரு பாட்டுப் பாடு என்கிறாள். காட்னிஸ் தன் ஊர் மலைகளில் வழங்கும் பழைய தாலாட்டைப் பாடுகிறாள்; அதன் பிறகு காட்டுப் பூக்களைப் பறித்து வந்து அந்தச் சிறுமியின் காயத்தை மூடி, முகத்தைச் சுற்றி அலங்கரிக்கிறாள்.

இந்த அத்தியாயத்துக்கு என் மகள் முதலில் எடுத்தது ஒரு திரைப்படச் சோகப் பாட்டு. ஒரு நாள் கேட்டாள். மறுநாள் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பாட்டு அழச் சொல்லுது அம்மா, ஆனா காட்னிஸ் அங்க அழக் கூடாதுன்னு நிக்கிறா" என்றாள். மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். நான்காம் நாள், கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியாரிடம் போய் உட்கார்ந்து, "அப்பாயி, எனக்குப் பாடுவீங்களே, அதைப் பாடுங்க" என்றாள். அவர் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்கு வந்தவர். கீரைக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மெல்லப் பாடினார்:

"ஆராரோ ஆரிரரோ, ஆரடிச்சு நீ அழுதே,
அடிச்சாரைச் சொல்லி அழு.
மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே,
அத்தை அடிச்சாளோ அல்லிப்பூச் செண்டாலே…"

தமிழ்நாட்டில் தொட்டில் ஆடிய எந்த வீட்டுக்கும் இந்த வரிகள் புதியவை அல்ல. ஆனால் அன்று என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாலாட்டில் குழந்தையை அடித்த ஆயுதம் பூச்செண்டு. நாவலில் அது ஈட்டி. 'யார் அடித்தது, சொல்லி அழு' என்று கேட்டால், ரூவால் சொல்லி அழ முடியாது. அடித்தவர்கள் தலைநகரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடித்தது யார் என்பதைச் சொல்லத்தான் காட்னிஸ் பூக்களைப் பறித்து வந்து வைக்கிறாள் என்பது அந்தப் பழைய வரியைக் கேட்ட நொடியில் என் மகளுக்குப் புரிந்தது. மூன்று முறை படித்தபோது கிடைக்காத பொருள், நடுவர் அவர்களே, ஒரு தாலாட்டின் இரண்டாம் அடியில் கிடைத்தது.

பாடி முடித்த மாமியார் கேட்டார், "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" "பன்னெண்டு அப்பாயி." அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்ல தாலாட்டு பாடுன வாய்தான் ஒப்பாரியும் பாடும். ராகம் ஒண்ணுதான், இழுக்குற இழுப்புல மாறிடும்" என்று சொல்லி, அதே மெட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, கடைசிச் சீரை நீட்டிக் காட்டினார். நாங்கள் இருவரும் அசையாமல் கேட்டோம். தாலாட்டாகத் தொடங்கி ஒப்பாரியாக முடிகிற அந்த அத்தியாயத்தை அதைவிடத் துல்லியமாக விளக்கிய எந்த விமர்சனத்தையும் நான் படித்ததில்லை. இதைச் சிதறல் என்று எதிரணி சொல்லுமானால், அப்படிப்பட்ட சிதறல் எங்கள் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும் என்றே வேண்டுகிறேன்.

திரைமுகம் குறுக்கே வரும் என்ற அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முகம் வருகிற பாட்டைத் தேர்ந்தெடுப்பவரே தள்ளிவிடுகிறார். எதிரணி எண்ணுவதைவிட இளம் வாசகர்கள் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் மீது இன்னொருவர் சாயல் படுவதை அவர்கள் பொறுப்பதே இல்லை. ஏன் இந்தப் பாட்டு பொருந்தவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்குரிய செய்தியைச் சொல்லிவிடுகிறது.

இரவல் பழக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வருத்தமும் சற்றுக் கோபமும் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. நிலமும் உணர்வும் இன்னதென்றால் அதற்குரிய இசையும் இன்னது என்று இலக்கணமே எழுதி வைத்த மொழி இது. சிலப்பதிகாரத்தை அதன் பதிகம் 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்று அழைக்கிறது. கதை ஓடிக்கொண்டிருக்கையில் வேட்டுவ வரியும் ஆய்ச்சியர் குரவையும் குன்றக் குரவையும் வந்து நிற்பது அலங்காரத்துக்காகவா? கானல் வரியை நினைத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கி வாசித்துப் பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொருத்தியின் நிழலைக் கண்ட மாதவி, தனக்கும் வேறொரு எண்ணம் உண்டு போலப் பதிலுக்குப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். ஊழ்வினை யாழிசையின் மேல் ஏறி வந்தது என்கிறார் இளங்கோவடிகள். பாட்டை நீக்கிவிட்டால் மதுரைக்குப் போகும் வழியே கதையில் இல்லை. இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன்: மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகிக்கு ஈராறு ஆண்டு அகவை, கோவலனுக்கு ஈரெட்டு ஆண்டு அகவை. ரூவுக்குப் பன்னிரண்டு, காட்னிஸுக்குப் பதினாறு. இது தற்செயல்தான் என்பதை அறிவேன். ஆனாலும் நம் முதல் பெருங்காப்பியம், பிள்ளைப் பருவம் தாண்டாத இருவரின் கதையாகப் பாட்டோடுதான் தொடங்குகிறது என்பதை நான் மறக்க மாட்டேன்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், நம்மில் பலர் பள்ளி நாட்களில் படித்த முதல் பெரிய நாவல் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அது தொடராக வந்தபோது, கோடிக்கரையில் பூங்குழலி பாடும் பாட்டுக்குச் சொற்கள் மட்டுமே அச்சில் இருந்தன. அலைகடல் ஓய்ந்திருக்கையில் அகக்கடல் ஏன் பொங்குகிறது என்று அவள் கேட்கும் அந்தப் பாட்டுக்கு மெட்டு அமைத்தவர்கள் வாசகர்கள். என் அம்மா ஒரு மெட்டில் பாடுவார். என் பெரியம்மா வேறொரு மெட்டில் பாடுவார். எது சரி என்று இருவருக்கும் இறுதிவரை உடன்பாடில்லை. அம்மாவின் பூங்குழலி துயரப்பட்டவள், பெரியம்மாவின் பூங்குழலி துணிச்சல்காரி. படம் 2022-இல் திரைக்கு வருவதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே, ஒரே பாத்திரத்தை இரு பெண்கள் இரு விதமாக வாசித்ததற்கு அந்த மெட்டுகளே சாட்சி. கல்கியே 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமர்சனம் எழுதியவர், 'மீரா' படத்துக்குப் பாட்டு எழுதியவர். பாட்டின் துணையில்லாமல் அவர் கதை சொல்லியிருப்பார் என்று என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

மேலைநாட்டு இளையோர் நாவல்களிலும் இதே உள்ளம் உண்டு. 1999-இல் வந்த ஸ்டீஃபன் ச்பாஸ்கியின் 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்' நாவலில் சார்லி என்ற பையன், நண்பனுக்காகப் பாட்டுகளைப் பொறுக்கி ஒரு கேசட் தயாரிக்கிறான். ஒரே பாட்டை அதில் இரண்டு முறை வைக்கிறான். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் தெருமுனை ரெக்கார்டிங் கடை. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபது நிமிடக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழாவது பாட்டு பாதியில் அறுந்துவிடும் என்பதால், எதை விடுவது என்று இரவெல்லாம் யோசிப்போம். வாயால் சொல்ல முடியாததை வரிசையால் சொன்ன தலைமுறை நாங்கள். சார்லியை அதனால்தான் எனக்கு உடனே புரிந்தது.

நடுவர் அவர்களே, மணி ஒலித்துவிட்டது. ஒரு செய்தியோடு அமர்கிறேன். ஆங்கிலம் அறியாத என் மாமியார், அன்று முதல் அந்த நாவலைக் கேட்கத் தொடங்கினார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் மகள் ஒவ்வோர் அத்தியாயமாகத் தமிழில் சொல்கிறாள். முடிந்ததும் இருவரும் பாட்டு தேடுகிறார்கள். போன வாரம் காட்னிஸ் ஊருக்குத் திரும்பும் கட்டம் வந்தது. மகள் ஒரு பாட்டைப் போட்டாள். "அவ இன்னும் வீட்டுக்கு வந்து சேரலடி, உடம்பு மட்டும்தான் வந்திருக்கு, வேற பாட்டு பாரு" என்றார் மாமியார். இருவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம்.